கப்பல் வந்ததற்கு என்ன சாட்சி?

“அண்ணாச்சி, அமெரிக்காக்காரன் நிலாவுல எறங்குனான்னு சொல்றதெல்லாம் டூப்பு, தெரியும்லா? அம்புட்டும் ஸ்டுடியோவுல எடுத்த படம்.”

தூத்துக்குடியில் எந்த டீக்கடையிலும் இந்த வசனத்தைக் கேட்கலாம். சொல்பவர் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வார், ஏதோ சி.ஐ.ஏ. ஆள் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருப்பது போல. காற்றே இல்லாத இடத்தில் கொடி எப்படி ஆடியது, வானத்தில் ஒரு நட்சத்திரம்கூட ஏன் இல்லை, 1972-க்கு அப்புறம் ஏன் ஒருத்தனும் இறங்கவில்லை என்று வரிசையாகக் கேள்விகள் வரும். கேட்பவர்கள் தலையை ஆட்டுவார்கள். கடைசியில் யாராவது ஒருவர், “ஆம்ஸ்ட்ராங் எறங்கும்போதே அங்க நாயர் டீக்கடை இருந்துச்சுல்லா, அவர்ட்ட கேட்டா தெரிஞ்சிரும்” என்று அரதப் பழசான ஜோக்கை எடுத்துவிடுவார். எல்லோரும் சிரித்துவிட்டு கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

இதில் என்ன இருக்கிறது, சும்மா பொழுதுபோக்குப் பேச்சுதானே என்று விட்டுவிடலாம்தான். ஆனால் இதே தூத்துக்குடி மாவட்டத்தில், திருச்செந்தூருக்குத் தெற்கே குலசேகரப்பட்டினத்தில், 2024 பிப்ரவரி 28-ஆம் தேதி இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. முத்துக்கும் உப்புக்கும் பேர் போன கரை இனி ராக்கெட்டுக்கும் பேர் போகப் போகிறது. அப்படிப்பட்ட ஊரில், விண்வெளியில் நடந்ததாகச் சொல்லப்படும் ஒன்றை எதை வைத்து நம்புவது, எதை வைத்து மறுப்பது என்பது கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம்.

முதலில் இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். பில் கேசிங் என்ற அமெரிக்கர், அப்போலோவுக்கு எஞ்சின் செய்த கம்பெனியில் ஒரு காலத்தில் வேலை பார்த்தவர், 1976-ல் ‘நாம் நிலவுக்குப் போகவே இல்லை’ என்ற பொருளில் ஒரு புத்தகம் போட்டார். அடுத்து ‘காப்ரிகார்ன் ஒன்’ என்று ஒரு ஹாலிவுட் படம் 1978-ல் அமெரிக்காவில் ஓடியது. செவ்வாய்க்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஸ்டுடியோவுக்குள் நாடகம் போடும் கதை. 2001 பிப்ரவரியில் ஃபாக்ஸ் டி.வி. இதையே ஒரு மணி நேர நிகழ்ச்சியாக ஒளிபரப்பியது. அதன்பிறகு ஃபார்வர்டு மெயில், ஆர்குட், வாட்ஸ்அப் என்று ஊர் ஊராக வந்து, கடைசியில் டீக்கடை பெஞ்சு வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை கவனித்தீர்களா? 1969 ஜூலையில் ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் இறங்கியதைத் தூத்துக்குடியில் ஒருவரும் டி.வி.யில் பார்க்கவில்லை. சென்னைத் தொலைக்காட்சி நிலையமே 1975-ல்தான் வந்தது. அன்றைக்கு இங்கே இருந்தவர்களுக்கு அது ரேடியோவிலும் மறுநாள் பேப்பரிலும் வந்த ஒரு சேதி. நிழல் கோணலாக விழுகிறது, கொடி ஆடுகிறது என்ற சந்தேகமெல்லாம் பின்னால் படம் கைக்கு வந்த பிறகு, படத்தைப் பார்த்து வந்தவை.

அந்தப் படச் சந்தேகங்களுக்குப் பதில் சொல்ல அதிக நேரம் வேண்டாம். கொடியின் மேல் விளிம்பில் குறுக்காக ஒரு கம்பி வைத்திருந்தார்கள், அதனால் விரிந்து நின்றது. கம்பத்தை முறுக்கித் தரையில் குத்தும்போது துணி ஆடியது, தடுக்கக் காற்று இல்லாததால் கொஞ்சம் கூடுதலாகவே ஆடியது. நட்சத்திர விஷயத்துக்கு ராத்திரி விசைப்படகில் டெக் விளக்குகளைப் போட்டுக்கொண்டு ஒரு ஆளைப் போட்டோ எடுத்துப் பாருங்கள். ஆள் விழுவார், நட்சத்திரம் விழாது. நிலவில் அவர்கள் இறங்கியது பகலில், பளீரென்ற வெயிலில். நிழல் கோணலா? சாயங்காலம் முத்தையாபுரம் பக்கம் போய் உப்பளத்தில் நின்று அம்பாரம் அம்பாரமாகக் குவித்த உப்பின் நிழலைப் பாருங்கள். சூரியன் ஒன்றுதான், ஆனால் மேடு பள்ளத்தாலும் நாம் நிற்கும் இடத்தாலும் நிழல்கள் ஒவ்வொரு பக்கம் போவதுபோல் தெரியும். ஏன் மறுபடி இறங்கவில்லை என்றால் அதற்குக் காரணம் பணம். அப்போலோ உச்சத்தில் இருந்தபோது அமெரிக்க மத்திய பட்ஜெட்டில் நூற்றுக்கு நான்கு பங்குக்கு மேல் நாசாவுக்குப் போனது. ரஷ்யாவை ஜெயித்தாயிற்று, அப்புறம் யார் கொடுப்பார்கள்?

ஆனால் இப்படி ஒவ்வொரு படத்துக்கும் பதில் சொல்லிக்கொண்டே போனால் அது தீராது. ஒன்றுக்குப் பதில் சொன்னால் அவர்கள் இன்னொரு போட்டோவை எடுத்துப் போடுவார்கள். கேட்கிற இடமே தப்பு. ஒரு சம்பவம் நடந்ததா என்பதைப் போட்டோவை வைத்து முடிவு செய்யும் பழக்கம் இந்தத் துறைமுக ஊரில் யாருக்கும் கிடையாது.

நம்பவில்லையா? ஒரு கேள்வி. நேற்று ராத்திரி வ.உ.சி. துறைமுகத்துக்கு நிலக்கரிக் கப்பல் ஒன்று வந்தது என்கிறார்கள். “வரவே இல்லை” என்று ஒருவர் சாதிக்கிறார். எப்படி நிரூபிப்பீர்கள்? கப்பலின் போட்டோவைக் காட்டினால், “இது போன மாசம் எடுத்தது” என்பார். வாஸ்தவம்தான், போட்டோவில் அதற்கு மேல் என்ன இருக்கிறது?

ஆனால் ஒரு கப்பல் துறைமுகத்துக்குள் நுழைந்தால் அதன் பின்னாலேயே ஒரு காகித ஊர்வலம் வரும். கப்பல் வருவதற்கு முன்பே ஏஜென்ட் தகவல் கொடுத்திருக்க வேண்டும். சுங்கத்துறைக்குச் சரக்குப் பட்டியல் போயிருக்க வேண்டும். வெளிக்கடலில் பைலட் ஏறி உள்ளே கொண்டுவந்திருப்பார், அவர் நேரம் எழுதி வைத்திருப்பார். இழுவைப் படகுக்காரர்கள் தனியாக எழுதியிருப்பார்கள். எந்த பெர்த்தில் எத்தனை மணி நேரம் நின்றது என்று வாடகைக் கணக்கு இருக்கும். சரக்கு இறக்கிய தொழிலாளர்களுக்குக் கூலி கொடுத்த கணக்கு இருக்கும். லாரி ஒவ்வொன்றும் எடைமேடையில் ஏறிச் சீட்டு வாங்கியிருக்கும். இதெல்லாம் இந்த ஊர்க் கணக்கு. சரக்கு ஏற்றிய துறைமுகத்தில் இன்னொரு கணக்கு இருக்கும், கப்பல் முதலாளியிடம் ஒன்று, இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் ஒன்று, பணம் கொடுத்த பேங்கில் ஒன்று.

இவர்கள் எல்லோரும் கூட்டாளிகள் கிடையாது என்பதுதான் இதில் முக்கியம். கப்பல்காரன் ஒரு நாள் தாமதமானால் சரக்குக்காரன் சண்டைக்கு வருவான். எடை ஒரு டன் குறைந்தால் வாங்குபவன் கேஸ் போடுவான். சுங்கத்துறை யாரையுமே நம்பாது. ஒருவரை ஒருவர் நம்பாத பத்துப் பேர், தனித்தனியாக, அவரவர் லாபத்துக்காக எழுதி வைத்த நோட்டுகள் ஒரே தேதியைச் சொன்னால் கப்பல் வந்தது. அவ்வளவுதான்.

பி.காம். படிக்கிறவர்களுக்கு இது புதிதில்லை. ஆடிட்டிங் பாடத்தில் ‘வவுச்சிங்’ என்று ஒரு அத்தியாயம் வரும், எல்லோரும் பத்து மார்க்குக்கு மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடுவார்கள். கணக்குப் புத்தகத்தில் எழுதியிருப்பதை நம்பாதே, அதற்கு ஆதாரச் சீட்டு எங்கே என்று பார் என்பதுதான் அதன் சாரம். அதைவிட மேலான ஆதாரம், சம்பந்தப்பட்ட கம்பெனிக்கு வெளியே இருப்பவரிடமிருந்து நேராக வரும் உறுதிக் கடிதம். ‘பேங்கில் இவ்வளவு பணம் இருக்கிறது’ என்று கம்பெனி சொன்னால் போதாது, பேங்க் சொல்ல வேண்டும்.

முத்துக் குளித்த காலத்திலும் இந்தக் கரையில் நடைமுறை இதுதான். மூடிய சிப்பியைத்தான் ஆயிரம் ஆயிரமாக எண்ணி ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்கிறதா இல்லையா என்பது ஏலம் எடுப்பவருக்கும் தெரியாது, விடுபவருக்கும் தெரியாது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டா வாங்கினார்கள்? குளிப்பு அறிவிப்பதற்கு முன்பே அதிகாரிகள் கடலுக்குள் பார்களைச் சோதித்து மாதிரிச் சிப்பிகளை எடுத்துவருவார்கள். அவற்றை அழுக விட்டு, கழுவி, கிடைத்த முத்துக்கு விலை போட்டுப் பார்ப்பார்கள். தேறினால்தான் குளிப்பு. ‘சுவாதி நட்சத்திரத்தில் பெய்யும் மழைத்துளி சிப்பிக்குள் விழுந்தால் முத்தாகும்’ என்று தலைமுறை தலைமுறையாகக் கதை சொன்ன அதே சமூகம், காசு போடும் நேரம் வந்தால் சுவாதியை நம்பாமல் மாதிரியைக் கழுவிப் பார்த்தது! 1961-ஓடு இங்கே பெரிய முத்துக்குளிப்பு நின்றுவிட்டது. 1973-ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தூத்துக்குடி மையம் சிப்பிக்குள் உருண்டை மணியை வைத்து வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டியது. வளர்ப்பு முத்தும் கடல் முத்தும் வெளியே பார்க்க ஒன்றுதான். எக்ஸ்ரேயில் வைத்தால் நடுவில் இருக்கும் மணி தெரிந்துவிடும்.

சரி, இப்போது நிலவுக்கு வருவோம். அதன் கணக்கைத் தணிக்கை செய்தால் வெளியாட்களிடமிருந்து என்னென்ன உறுதிக் கடிதங்கள் கிடைக்கின்றன?

முதல் கடிதம் எதிரியிடமிருந்து. 1969-ல் அமெரிக்கா பொய் சொல்லியிருந்தால் உலகத்திலேயே அதிக சந்தோஷப்பட்டிருக்க வேண்டியது சோவியத் யூனியன். கண்டுபிடிக்கும் வசதியும் அவர்களிடம் இருந்தது. ஆம்ஸ்ட்ராங் நிலவில் இருந்த அதே நேரத்தில் சோவியத்தின் லூனா-15 என்ற ஆளில்லாக் கலம் நிலவைச் சுற்றிக்கொண்டிருந்தது. முந்திக்கொண்டு மண் எடுத்து வருவதற்காக அனுப்பியது, ஜூலை 21-ஆம் தேதி நிலவில் மோதி நொறுங்கியது. இங்கிலாந்தின் ஜோட்ரல் பேங்க் ரேடியோ தொலைநோக்கி நிலையம் அந்த நாட்களில் இரண்டு கலங்களின் சமிக்ஞைகளையும் கேட்டுக்கொண்டிருந்தது. தோற்றுப்போனவன் வாயை மூடிக்கொண்டு போனான் என்றால், அவன் கையில் மறுக்க ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

இரண்டாவது, சரக்கு. 1969 முதல் 1972 வரை ஆறு முறை இறங்கி, பன்னிரண்டு பேர் நடந்து, மொத்தம் 382 கிலோ கல்லும் மண்ணும் கொண்டுவந்தார்கள். சோவியத் யூனியன் பிற்பாடு மூன்று ஆளில்லாக் கலங்களை அனுப்பிச் சுமார் 300 கிராம் கொண்டுவந்தது. சீனா 2020-ல் சாங்கே-5 மூலம் 1,731 கிராம் கொண்டுவந்தது. இவையெல்லாம் பூட்டி வைத்த சரக்கு இல்லை. அப்போலோ மாதிரிகள் உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களுக்குப் போயின. இந்தியாவுக்கும் வந்தன. தேவேந்திர லால், நரேந்திர பண்டாரி போன்றவர்கள் விண்கதிர்கள் அந்தக் கற்களில் ஏற்படுத்திய நுண்ணிய தடங்களை ஆராய்ந்தார்கள். சோவியத் கொண்டுவந்த மண்ணும் இந்திய ஆய்வுக்கூடத்துக்கு வந்தது. பனிப்போரில் அடித்துக்கொண்ட இரண்டு கடைக்காரர்களின் சரக்கையும் நம்மவர்களே ஒரே தராசில் போட்டுப் பார்த்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, அங்கே விட்டுவிட்டு வந்த சாமான். அப்போலோ 11, 14, 15 ஆகிய மூன்று பயணங்களிலும் லேசர் ஒளியைத் திருப்பி அனுப்பும் பிரதிபலிப்பான்களை நிலவில் வைத்துவிட்டு வந்தார்கள். பூமியிலிருந்து லேசரை அடித்தால் சுமார் இரண்டரை நொடியில் பதில் வருகிறது. நிலவு வருடத்துக்குச் சுமார் 3.8 சென்டிமீட்டர் விலகிப் போகிறது என்று இப்போது அளந்து சொல்வது இப்படித்தான். (ஆளில்லாக் கலத்தில்கூட பிரதிபலிப்பான் வைக்கலாமே என்று கேட்டால், வைக்கலாம், சோவியத் வைத்தது. அதனால்தான் இது ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு தீர்ப்பு எழுதக் கூடாது.)

நான்காவது கடிதம் நம் வீட்டிலிருந்தே வந்தது. சந்திரயான்-2 இறங்கும்போது 2019 செப்டம்பரில் விக்ரம் லேண்டர் விழுந்து நொறுங்கியது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ஆனால் அதன் சுற்றுக்கலம் சுற்றிக்கொண்டே இருந்தது. அதில் இருக்கும் உயர் துல்லியக் கேமரா 2021-ல் அப்போலோ 11 இறங்கிய இடத்தைப் படம் எடுத்தது. லேண்டரின் அடிப்பாகம் அங்கேயே நிற்கிறது. இந்தியக் காசில், இந்தியக் கலத்தில், இந்தியக் கேமராவில் எடுத்த படம். நாசாவுக்காகப் பொய் சொல்ல இஸ்ரோவுக்கு என்ன தலையெழுத்து?

விழுந்த விக்ரமைக் கண்டுபிடித்த கதை இதைவிட ருசியானது. நாசாவின் எல்.ஆர்.ஓ. கலம் எடுத்த படங்கள் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடப்பட்டிருந்தன. மதுரையைச் சேர்ந்த சண்முக சுப்பிரமணியன், சென்னையில் வேலை பார்த்த மென்பொருள் பொறியாளர், எந்த விண்வெளி நிறுவனத்திலும் இல்லாதவர், ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து பழைய படத்தையும் புதுப் படத்தையும் ஒப்பிட்டு ஒரு வெள்ளைப் புள்ளியைக் கண்டுபிடித்தார். நாசாவுக்கு எழுதினார். அவர்கள் சரிபார்த்து, 2019 டிசம்பர் 2-ஆம் தேதி அவர் பெயரைப் போட்டே அறிவித்தார்கள். நாசாவின் கணக்கில் யாரும் உள்ளே நுழைந்து கூட்டிக் கழித்துப் பார்க்கலாம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? அவர் கண்டுபிடித்தது நம் நாட்டின் வெற்றியை அல்ல, தோல்வியின் சிதறலை. அதையும் யாரும் மறைக்க முடியவில்லை.

இந்தியாவின் சந்திரயான்-3 2023 ஆகஸ்ட் 23-ஆம் தேதி மாலை 6 மணி 4 நிமிடத்துக்கு இறங்கியது. விழுப்புரத்து வீரமுத்துவேல் திட்ட இயக்குநர். ஊரெல்லாம் வெடி வெடித்தார்கள். வெடிச் சத்தம் அடங்கும் முன்பே, “இதுவும் கிராபிக்ஸ்தான்” என்று ஒரு கோஷ்டி கிளம்பியது. அமெரிக்காவைச் சந்தேகப்பட்ட நாக்கு இந்தியாவை மட்டும் விடுமா? அவர்களுக்கு வசதியாகச் சில உண்மைகளும் கிடைத்தன. இஸ்ரோ நேரலையில் காட்டியதில் பெரும்பகுதி கம்ப்யூட்டரில் வரைந்த அசைபடம்தான். இறங்கும்போது பக்கத்தில் நின்று படம் எடுக்க ஆள் ஏது? அதுமட்டுமா, நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும் நிலவின் மேட்டுப்பகுதிப் பாறையை ஒத்த அனார்த்தோசைட் கிடைக்கிறது. அதை டன் கணக்கில் அரைத்து, பெங்களூருவுக்குக் கொண்டுபோய் இஸ்ரோ செயற்கை நிலவுத் தரை போட்டது. கர்நாடகாவின் சள்ளக்கரை அருகே செயற்கைப் பள்ளங்களே தோண்டியது. “பார்த்தியா, நிலாவை நாமக்கல்லுல செஞ்சிருக்கான்!”

செய்தார்கள்தான். லேண்டரும் ரோவரும் சரியாக இயங்குமா என்று பார்க்க வேறு எங்கே போவது? நாசாவும் அரிசோனாவில் வெடி வைத்துப் பள்ளங்கள் உண்டாக்கி அப்போலோ வீரர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. ஒத்திகை பார்த்த மண்டபத்தைக் காட்டி, கச்சேரியே நடக்கவில்லை என்றால் என்ன சொல்வது!

இன்னொரு பக்கம் எதிர்க்கோஷ்டி. பிரக்யான் ரோவரின் சக்கரம் நிலவு மண்ணில் அசோகச் சின்னத்தைப் பளிச்சென்று பதித்திருப்பதாக ஒரு படம் ஆகஸ்ட் 2023-ல் லட்சக்கணக்கான போன்களில் சுற்றியது. பெருமையோடு அனுப்பினார்கள், புல்லரித்தது என்று எழுதினார்கள். அது ஒரு ஓவியர் கம்ப்யூட்டரில் செய்த கற்பனைப் படம். சக்கரத்தில் சின்னம் இருந்தது நிஜம், ஆனால் அங்கே மண் கட்டி கட்டியாக இருந்ததால் தடம் அப்படித் தெளிவாக விழவில்லை. பொய்ப் படத்தை நம்பி நெஞ்சு நிமிர்த்தியவரும், நிஜப் படத்தை நம்பாமல் கண் சிமிட்டியவரும் ஒரே காரியத்தைத்தான் செய்தார்கள். படத்தைப் பார்த்தார்கள், பிடித்த முடிவுக்கு வந்தார்கள். வவுச்சரை யாரும் கேட்கவில்லை.

குலசேகரப்பட்டினத்திலேயே இதற்கு ஒரு உதாரணம் உண்டு. அடிக்கல் நாட்டிய அன்று தமிழக அமைச்சர் ஒருவர் கொடுத்த பத்திரிகை விளம்பரத்தில் ராக்கெட்டின் மேல் சீனக் கொடி இருந்தது. பெரிய ரகளை ஆனது. வடிவமைத்தவர்கள் செய்த தவறு என்று அமைச்சர் சொன்னார். அரசியலை விடுங்கள். படம் தப்பு, அதனால் ஏவுதளமே பொய் என்று அன்றைக்கு யாராவது சொன்னார்களா? சொல்லவில்லை. ஏனென்றால் நிலம் கொடுத்தவர் பக்கத்து வீட்டில் இருக்கிறார். எந்த ஊர், எத்தனை ஏக்கர், யாருக்கு எவ்வளவு என்று ஊருக்கே தெரியும். அருகில் இருக்கும் விஷயத்தில் இயல்பாகவே கணக்கைப் பார்க்கிறோம். தூரத்து விஷயம் என்றால் மட்டும் கொடி எப்படி ஆடியது என்று பார்க்கிறோம்.

ஆடிட்டிங் பாடத்தில் இன்னொரு பிரபலமான வாசகம் உண்டு. 1896-ல் ஒரு இங்கிலாந்து நீதிபதி சொன்னது. ஆடிட்டர் காவல் நாய்தான், மோப்ப நாய் அல்ல என்பது அதன் கருத்து. நிலவுச் சதிக்காரர்கள் இந்த இரண்டு வகையிலும் சேராமல், நிலாவைப் பார்த்துக் குரைக்கும் மூன்றாவது வகையைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். :-)

கிண்டலை இதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஏனென்றால் இந்த மாவட்டத்து மக்கள் மேலிடம் சொல்வதைச் சந்தேகப்பட்டால் அதற்கு நியாயமான காரணம் இருக்கிறது, அதை முட்டாள்தனம் என்று சொல்ல யாருக்கும் அருகதை இல்லை. 2018 மே 22-ஆம் தேதி ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்து ஊர்வலம் போனவர்கள் மீது போலீஸ் சுட்டது. அன்றும் மறுநாளும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்தார்கள். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022-ல் சட்டசபையில் வைக்கப்பட்டபோது, போலீஸ் வரம்பு மீறியது என்று அதில் எழுதியிருந்தது. இதே மாவட்டத்துச் சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் ஒரு தந்தையையும் மகனையும் ஊரடங்கு நேரத்தில் கடை திறந்திருந்ததாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். சில நாட்களுக்குள் இரண்டு பேரும் செத்துப்போனார்கள். தகராறு செய்தார்கள், தரையில் புரண்டார்கள், அதனால் உள்காயம் ஏற்பட்டது என்று முதல் தகவல் அறிக்கை சொன்னது.

அந்தக் கதை எத்தனை நாள் நின்றது? பக்கத்துக் கடையின் சி.சி.டி.வி. பதிவு வெளியே வந்தது, அதில் அப்படி ஒரு தகராறே இல்லை. அன்று பணியில் இருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர், ராத்திரி முழுக்க அடித்ததை மாஜிஸ்திரேட்டிடம் வாக்குமூலமாகச் சொன்னார். சக போலீஸ்காரர்கள் சூழ்ந்திருந்த நிலையத்தில் இருந்தபடி சொன்னார். வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது, போலீஸ்காரர்கள் மேலேயே கொலைக் குற்றப்பத்திரிகை தாக்கலானது. பத்துப் பேர் அளவில், ஒரே கட்டடத்துக்குள், ஒரே சீருடைக்குள் வைத்துக்கொள்ள முயன்ற பொய் பத்து நாள்கூடத் தாங்கவில்லை.

கம்பெனி உலகத்தில் சத்யம் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கியது. பல வருடம். 2009 ஜனவரி 7-ஆம் தேதி ராமலிங்க ராஜு தானே கடிதம் எழுதி, பேங்கில் இருப்பதாகக் காட்டிய 5,040 கோடி ரூபாய் இல்லை என்று ஒப்புக்கொண்டார். வெளியே இருந்து, பேங்கிலிருந்து நேராக வர வேண்டிய உறுதிக் கடிதங்களை ஒழுங்காகச் சரிபார்க்கவில்லை என்பதுதான் ஆடிட்டர்கள் மேல் இருந்த பெரிய குற்றச்சாட்டு. அதாவது அந்தப் பொய் பிழைத்திருந்ததே வெளியாள் யாரும் எட்டிப் பார்க்காத சந்தில்தான். உள்ளே தெரிந்தவர்களும் கொஞ்சம் பேர். 2015-ல் தண்டனை பெற்றவர்கள் பத்துப் பேர்.

இப்போது அப்போலோவை அதே தட்டில் வையுங்கள். நாசாவும் அதன் ஒப்பந்தக் கம்பெனிகளுமாகச் சேர்ந்து நான்கு லட்சம் பேர். 2,500 கோடி டாலர் அளவில் செலவு. அதைக் கேள்வி கேட்க நாடாளுமன்றம், வாய் பார்த்துக்கொண்டு பத்திரிகைகள், எதிரில் ரஷ்யா. டேவிட் ராபர்ட் கிரைம்ஸ் என்ற இயற்பியலாளர் 2016-ல் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தார். இத்தனை பேருக்குத் தெரிந்த ரகசியம் என்றால் நான்கு வருடத்துக்குள் எங்காவது கசிந்துவிடும் என்று வந்தது. அவர் எடுத்துக்கொண்ட அனுமானங்களில் குறை சொல்லலாம், கணக்கை மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். ஆனால் சாத்தான்குளத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு அந்த ஃபார்முலாவே தேவைப்படாது. இன்னொன்று, நாடகம் போடுபவன் ஒரு தடவை போட்டு, கைதட்டு வாங்கிக்கொண்டு திரையை இறக்கிவிடுவான். ஆறு முறை திரும்பத் திரும்பப் போடுவானா? நடுவில் 1970-ல் அப்போலோ 13 என்று தோற்றுப்போன காட்சி ஒன்றையும் எழுதிச் சேர்ப்பானா?

குலசேகரப்பட்டினத்துக்கு வேஷம் புதிதில்லை. முத்தாரம்மன் கோயில் தசராவுக்குக் காளி, குறவன், ராஜா, போலீஸ் என்று லட்சக்கணக்கான பேர் வேஷம் கட்டி வருவார்கள். யார் வேஷம், யார் நிஜப் போலீஸ் என்று அந்தக் கூட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அங்கிருந்து தெற்கே கடலைப் பார்த்து ராக்கெட் ஏவலாம், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்கு ஏவும்போது இலங்கையைத் தவிர்க்க வளைந்து போக வேண்டியிருப்பதுபோல் இங்கே வளைய வேண்டாம், சின்ன ராக்கெட்டுக்கு அந்த எரிபொருள் மிச்சம் பெரிய மிச்சம் என்பதால்தான் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். எஸ்.எஸ்.எல்.வி. இங்கிருந்து கிளம்பும்போது மணப்பாட்டிலும் திருச்செந்தூரிலும் மொட்டை மாடியில் நின்று பார்க்கலாம். பார்ப்பது ஒரு நெருப்புக் கோடு மட்டும்தான், இரண்டு மூன்று நிமிடத்தில் மறைந்துவிடும். அது மேலே போய் வட்டப் பாதையில் சேர்ந்ததா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரியாது.

ஆனால் இந்தக் கரையில் மீன் பிடிப்பவர்கள் கேட்பது அதை இல்லை. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாட்களில் கடலில் குறிப்பிட்ட பகுதிக்குள் படகு போகக் கூடாது என்று தடை போடுவார்கள். இங்கேயும் போடுவார்களா, வருடத்துக்கு எத்தனை நாள், எத்தனை மைல், அந்த நாட்களின் வருமானத்துக்கு யார் பொறுப்பு, அதை எந்தக் காகிதத்தில் எழுதித் தருவார்கள் என்பது அவர்களுடைய கேள்வி.